வாயால் பேசிய ஞாயிற்றுக்கிழமைகள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். நானும் மனைவியும் சண்டையில்லாமல் பிரிய முடிவெடுத்து, வேலூர் குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்டோம். ஏழு வயது மகள் அவளிடம் வளர்வாள், ஞாயிறுதோறும் என்னிடம் வருவாள் என்று வாயால் பேசிக்கொண்டோம். மனுவில் அது இல்லாததைக் கவனிக்காமல் கையெழுத்திட்டேன்.

அடுத்த விசாரணைக்கு ஆறு மாதம் இருந்தது. ஒரு ஞாயிறன்று மகளை அழைத்துவர, குடியாத்தத்தில் இருக்கும் மனைவியின் அம்மா வீட்டுக்குப் போனேன். மனைவியின் அண்ணன் வாசலிலேயே மறித்தார்.

"கொழந்தைய அனுப்பணும்னு பேப்பர்ல எங்க எழுதியிருக்கு? காட்டுங்க மாப்ளே."

அவருக்குப் பின்னால் மகள் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தாள். நான் மட்டும் பஸ் ஏறி ஆம்பூர் திரும்பினேன்.

இரண்டு நாள் கழித்து மனைவியே போன் செய்தாள்.

"அண்ணன் பேசினது தப்புங்க. ஆனா நாளைக்கு எனக்கே மனசு மாறிட்டா இன்னா பண்ணுவீங்க? வக்கீல்கிட்ட சொல்லி எழுதிடலாம், வாங்க."

ஞாயிறு, பள்ளி விடுமுறை எல்லாவற்றையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு மனுவோடு சேர்த்தோம். தீர்ப்பிலும் அது இடம்பெற்றது.

இப்போதெல்லாம் எந்தத் தாளையும் கடைசி வரி வரை படிக்காமல் கையெழுத்திடுவதில்லை. கம்பெனியில் யாராவது பிரியப்போவதாகச் சொன்னால், "கொழந்த எந்த நாள் யார்கிட்ட இருக்கும்னு எழுதிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.