குமரேசன் அண்ணனின் ஏழு மணி

அன்று காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் கவனித்தது, ஏணி சுவரில் சாய்ந்தபடியே இருந்ததைத்தான். அந்த நேரத்துக்கு அது குமரேசன் அண்ணனின் தோளில் ஏதாவது ஒரு தெருவில் போய்க்கொண்டிருக்க வேண்டும். முதலாளி போனை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"குமரேசன் போய்ட்டான் அம்மிணி. பல்லு வெளக்கிட்டு இருந்தவன் நெஞ்சு வலிக்குதுன்னானாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

வெண்ணந்தூரில் எங்கள் கேபிள் இணைப்பு உள்ள வீடுகளுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பகலில் கம்பத்தில் ஏறி வயர் இழுப்பார். மாலை ஏழு மணிக்கு முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, எங்கள் உள்ளூர் சேனலில் நேரலையில் உட்கார்ந்து நீங்கள் கேட்ட பாட்டைப் போடுவார். இதைப் படிப்பவர்களில் பலர் அவரிடம் பாட்டு கேட்டவர்கள்தான்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, எந்தச் சேனலில் என்ன படம், யார் நடித்தது, என்ன கதை என்று காட்டும் ஆப் ஒன்றை அலுவலகத்துக்குச் செய்து கொடுத்தேன். பார்க்க வருகிறவர்கள் எந்தக் காலேஜ் என்று கேட்டால் நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒருமுறை அண்ணன் குறுக்கே வந்து, "காலேஜெல்லாம் இல்லீங்க, அம்மிணி படிச்சது எங்க ஆபீசுலீங்க" என்றார். கேட்டவரும் சிரித்துவிட்டார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அண்ணன் வளர விடவில்லை.

ஆப் திறப்பதற்கு வெகுநேரம் எடுத்தது. தறி ஓட்டுகிறவர்கள் கிடைத்த இடைவெளியில் போனைத் திறந்தால், திரையில் வட்டம் சுற்றி முடிவதற்குள் மறுபடி தறிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. வயர் மாற்றப் போன வீடுகளில் எல்லாம் அவருக்குத்தான் வசவு. என்ன காரணம் என்று என்னிடம் கேட்டார். படங்களின் விவரமெல்லாம் தூரத்தில் ஒரு சர்வரில் இருக்கிறது, ஒவ்வொரு போனும் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகப் போய்க் கேட்கிறது, அளவுக்கு மேல் கேட்டால் சர்வர் பதிலே தராது என்று சொன்னேன்.

"ஆபீசுல ஆறு பேத்துக்கு டீ வாங்கோணும்னா, ஆறு தடவ கடைக்கு நடப்பியா?"

"இல்லீங்கண்ணா."

"உன்ற ஆப்பு நடக்குது. கடைக்காரன் தொரத்தாம என்ன பண்ணுவான்? தூக்குப்போசியக் குடுத்து உடு அம்மிணி."

ஒரே தூக்குவாளியில் எல்லாருக்கும் வாங்கி வருவதுபோல் மாற்றினேன். அன்றைய படங்களின் விவரத்தை எங்கள் கம்ப்யூட்டர் விடியும் முன் மொத்தமாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும். போன்கள் அதை எங்களிடமிருந்து ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளும். மறுநாள் விடியும்வரை யாரையும் எதுவும் கேட்காது; எங்கள் சேனல் நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் அதை வைத்தே தானாக மணியடித்துச் சொல்லும். வட்டம் சுற்றுவது நின்றது.

அண்ணனுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. "படத்துக்கெல்லாம் சரி, நடிச்சவங்க நாளைக்கு மாறப் போறதில்ல. நம்ம சேனல மட்டும் அப்பப்பக் கேட்டுக்கச் சொல்லு. கரண்டு போனா நிகழ்ச்சி இல்ல, எனக்குத் தொண்ட கட்டுனா நிகழ்ச்சி இல்ல."

சரிங்கண்ணா என்றேன். செய்யவில்லை. கை வைத்தால் பழையபடி வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடுமோ என்று பயம். இன்னொரு நாள் கேட்டார். அதற்கும் தலையை ஆட்டினேன்.

அவர் இறந்த காலையில் முதலாளி, "அவன் நிகழ்ச்சிய எடுத்துரு சாமி" என்றார். அலுவலகக் கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டேன். அவர் உயிரோடு இருக்கும்போதே போன்கள் அன்றைய விவரத்தை வாங்கி வைத்துக்கொண்டுவிட்டன என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம், எரித்துவிட்டு ஆண்கள் எல்லாரும் திரும்பி வந்த பிறகு, அவர் வீட்டு வாசல் பந்தலில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு ஒரு போன் அடித்தது. அடுத்து பக்கத்தில் ஒன்று. பிறகு பந்தல் முழுக்க. என் மடியில் இருந்ததும் அடித்தது. எல்லாவற்றிலும் ஒரே வரி: "குமரேசன் நேரலையில் வந்துவிட்டார்."

அவருடைய மகள் எழுந்து உள்ளே போய் டிவியைப் போட்டாள். திரையில் மாலை போட்ட அவர் படம் இருந்தது. அதை அணைத்துவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மனைவி மல்லிகா அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழவு ஊட்டுல எந்தப் புத்தி கெட்டவன் இதப் பண்ணுனது?" என்றார் ஒரு பெரியவர்.

"மனுசன் பண்ணல மாமா, கம்ப்யூட்டரு தானா அனுப்புறது. அதுக்கென்ன தெரியும்" என்றார் இன்னொருவர்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். போனைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள், உள்ளூர் சேனலை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கும்படி மாற்றினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. வட்டமும் சுற்றவில்லை. இவ்வளவு சின்ன வேலையா என்று நினைத்தபோதுதான் அதிகம் கூசியது.

ஆப் மெதுவாக இருந்த நாட்களில் அவ்வளவு பேர் திட்டியும், அதைச் செய்தவள் இவள் என்று அண்ணன் ஒருவரிடமும் என்னைக் கைகாட்டியதில்லை. "எங்க தப்புத்தானுங்க, சரி பண்ணிப்போடறோம்" என்று நின்று வாங்கிக்கொண்டு வருவார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். ஆனால் அவர் இல்லாத இடத்தில் அதை நானேதான் சொல்ல வேண்டும்.

கருமாதி முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மல்லிகா அக்கா, "வா அம்மிணி, உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை.

"அக்கா, அன்னிக்கு ஏழு மணிக்கு எல்லார்த்து போனும் அடிச்சுதுங்கள்ல, அது நான் பண்ணுனதுங்க" என்றேன்.