ஒரு படி கீழே போங்கோ

"மனசை அமைதியா வச்சுக்குங்க. அடுத்த வாரமும் பிரஷர் இறங்கலைன்னா, ஆயுசுக்கும் மாத்திரைதான்" என்றார் டாக்டர்.

தினசரி மாத்திரை என்றால், எனக்குக் கிழவன் பட்டம் கட்டியாகிவிட்டது என்று அர்த்தம். அதனால் அமைதியைத் தேடி ஓடினேன். ஆமாம், ஓடித்தான். எனக்கு வேறு மாதிரி தேடத் தெரியாது.

டாக்டர் கொடுத்த கெடு முடியும் நாள், விடிந்ததும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் இறங்கினேன். ஆற்றில் தண்ணீர் ததும்பியது. படித்துறையில் ஜனம் ததும்பியது. காலண்டர் பார்க்காத பலன்: அன்று அமாவாசை. வந்தது வந்தாயிற்று. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வேட்டியோடு ஒரு படியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

"கையை நீட்டுங்கோ. அப்பா பேர் சொல்லுங்கோ."

கண்ணைத் திறந்தால், எள்ளும் தர்ப்பையுமாகச் சாஸ்திரிகள்.

"ஐயோ சாமி, அப்பா உயிரோட இருக்காருங்க! லால்குடியில. நேத்துகூட போன்ல திட்டினாரு."

"பின்னே இங்க என்ன ஜோலி?"

"மன அமைதிக்கு வந்தேங்க."

"இன்னிக்கா?"

தர்ப்பணத்துக்கு உட்கார்ந்திருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

"சரி, ஒரு படி கீழே போங்கோ. இடம் வேணும்."

போனேன். அடுத்த குடும்பம் வந்தது, இன்னொரு படி. அப்புறம் இன்னொன்று. கடைசியில் கணுக்கால் வரை காவிரிக்குள் நின்றேன். கோடையில் இதே இடத்தில் செருப்பில் மணல் ஏற நடந்திருக்கிறேன். இப்போது கரை இடிக்க ஓடுகிறது. இப்படி ஏறி இறங்குவதற்காக ஆறு எந்த டாக்டரிடமும் போகவில்லை. எள் மிதந்து போனது. மாலைத் துணுக்கு, ஒற்றைச் செருப்பு. யாரோ தன் அப்பாவுக்கு இறைத்த தண்ணீர் என் காலைத் தொட்டுப் போனது. அமைதியாக இருக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

சாயங்காலம் டாக்டர் பார்த்தபோது பிரஷர் கொஞ்சம் இறங்கியிருந்தது. போதவில்லை. மாத்திரை எழுதிவிட்டார்.

"அமைதியைத் தேடிப் போனீங்க, ஈர வேட்டிதான் மிச்சம்" என்றாள் மனைவி.

அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? நான் எத்தனை வருஷமா போடறேன்! காலைல காபிக்கு முன்னாடி போட்டுடு. போட்டியான்னு போன் பண்ணிக் கேப்பேன். மறந்தே, அவ்வளவுதான்."

மறுநாள் காலை மாத்திரை உள்ளங்கையில் தயாராக இருந்தது. பக்கத்தில் காபி ஆறிக்கொண்டிருந்தது. போன் அடிக்கட்டும், அப்பாவின் திட்டு வரட்டும் என்று, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.