மூக்கில் பூசிய எண்ணெய்

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் மனைவி அதற்கு எண்ணெயில் ஒரு சிலுவை போடாமல் விடமாட்டாள். மன்னாரில் மாதா கோவிலில் மந்திரித்த தேங்காயெண்ணெய். ஊருக்குப் போய்வருகிற யாராவது ஒரு சின்னப் போத்தலில் கொண்டுவந்து தருவார்கள். ஸ்கூட்டருக்குப் போட்டாள், குளிர்சாதனப் பெட்டிக்குப் போட்டாள், இந்த நாட்டில் இருப்பதற்கான எனது அனுமதி அட்டை, பெர்மெஸ்ஸோ, புதுப்பித்து வந்த அன்று அதற்கும் ஒரு சொட்டு வைத்தாள். ஆகவே ரொக்கெட்டுக்கும் போடவேண்டும் என்று அவள் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. மூக்கில் மட்டும் போடலாம், வேறு எந்த இடத்திலும் ஒரு துளிகூடப் படக்கூடாது என்று சொன்னேன். அவள் சரியென்று தலையாட்டினாள்.

நான் இத்தாலியில், பலெர்மோவின் கடற்கரைப் பக்கமான மொண்டெல்லோவில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறேன். மனைவி லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான இத்தாலியச் சின்யோராவைப் பார்த்துக்கொள்கிறாள். விடுமுறை நாட்களில் எங்கள் சனம் கடற்கரைக்குப் போகும், கிரிக்கெட் ஆடும், கோவில் மண்டபத்தில் கூடியிருந்து கதைக்கும். நான் ரொக்கெட் விடுவேன். திருவிழாவுக்குக் கொளுத்துகிற வாணம் இல்லை. என்னைவிட உயரமான குழாய், அதற்குள் இயந்திரம், உயரம் அளக்கிற கருவி, பரசூட். வீட்டுக்கு வருகிறவர்கள் நடைவழியில் அது சாய்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு மனைவியைத்தான் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

எனது ரொக்கெட்டின் இயந்திரம் ஹைபிரிட் வகை. எரிவது ஒரு தடித்த பிளாஸ்டிக் உருளை. அதை எரிய வைக்கிறது நைட்ரஸ் ஒக்சைட் என்ற வாயு. குசினியில் கிரீம் அடிக்கிற சைபனுக்குள் போடுகிறோமே சின்ன இரும்புக் குப்பிகள், அவற்றில் இருப்பதும் அதே வாயுதான். இரண்டும் தனித்தனியாக இருக்கும்வரை ஒன்றும் நடக்காது. ரொக்கெட்டை மேடையில் நிறுத்திய பிறகு பெரிய சிலிண்டரிலிருந்து நீளமான குழாய் வழியாக வாயுவைத் திரவமாக அதன் வயிற்றுக்குள் நிரப்பவேண்டும். நிரம்பினால் பக்கத்துத் துளையால் வெள்ளையாகச் சீறும். அப்போது பொத்தானை அழுத்தவேண்டும்.

ரொக்கெட் விடுகிறவர்களுக்கு இங்கே ஒரு சங்கம் இருக்கிறது. அதில் மற்ற எல்லோரும் திட எரிபொருள் இயந்திரம்தான் விடுகிறார்கள். செருகினால் சரி, ஐந்து நிமிட வேலை. ஆனால் அது சட்டப்படி வெடிபொருள். வாங்கிவைக்கக் குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் தலைமையகத்தில், உரிமம் எடுக்கவேண்டும். வெளிநாட்டார் வரிசையில் நம்பர் எடுத்து நின்று, முறை வந்ததும் கண்ணாடிக்குள் குனிந்து, வன்னிப் பக்கத்தில் பிறந்த நான், ரொக்கெட்டுக்கு வெடிபொருள் வைத்திருக்க அனுமதி தாருங்கள் என்று கேட்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள். கேட்டிருந்தால் ஒருவேளை தந்திருப்பார்கள். நான் கேட்கமாட்டேன். பிளாஸ்டிக் உருளைக்கும் கிரீம் வாயுவுக்கும் அந்த உரிமம் தேவையில்லை. பற்றவைக்கிற சின்ன உருண்டையைச் சங்கத்தில் உரிமம் உள்ளவர் ஒருவர் தன் கையால் வைத்துவிடுவார். ஆகவே எனக்கு ஹைபிரிட் இல்லாவிட்டால் ரொக்கெட்டே இல்லை.

அப்படியென்ன பிடிவாதம் என்று கேட்பார்கள். ஒருமுறை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊரில் யுத்த காலத்தில் எங்கள் தலைக்கு மேலால் போனவை எல்லாம் எங்கேயோ போய் யார்மீதோ விழுந்தன. மேலே போகிற ஒன்று போய், நின்று, குடை விரித்து, ஒருவருக்கும் ஒன்றும் செய்யாமல் திரும்பி வருவதை நான் பார்க்கவேண்டும். அதுவும் நான் செய்த ஒன்று.

இதற்கு முன் இரண்டு தடவை தோற்றுவிட்டேன். முதல் தடவை மாசி மாதம். பற்றவைக்கிற உருண்டை எரிந்தது, ஆனால் வாயுவைத் திறந்துவிட அது எரித்து அறுக்கவேண்டிய குழாயை அறுக்கவில்லை. ரொக்கெட் மேடையில் நின்றபடியே கொஞ்சம் புகைவிட்டு அடங்கியது. இரண்டாம் தடவை வைகாசி, மத்தியான வெயில். சூட்டில் அந்த வாயு திரவமாக இறங்காது. ஒரு மணித்தியாலம் நிரப்பினோம், வெள்ளைச் சீறலைக் காணவில்லை. பின்னால் பதினொரு பேர் தங்கள் ரொக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கிழமையே சங்கம் கூடிப் பேசி முடிவெடுத்தது. ஹைபிரிட்டுக்கு இன்னும் ஒரே ஒரு தடவை, ஐப்பசியில். அதுவும் சரிவராவிட்டால் சிலிண்டரும் குழாயும் களத்துக்கு வராது. இதை என்னிடம் சொன்னவர் களப் பொறுப்பாளர். பகேரியாவில் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்கிற ஒரு பெண்மணி. சுற்றிவளைக்காமல் சொன்னார். அதனால் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, மற்றவர்கள்மேல் வந்தது.

ஐப்பசியில் அந்த நாள் வந்தது, கூடவே சிரோக்கோவும் வந்தது. ஆபிரிக்காவிலிருந்து வீசுகிற அந்தச் சூட்டுக்காற்று அடித்தால் பலெர்மோவில் ஐப்பசியும் ஆடிமாதிரித்தான். விடியமுன் புறப்பட்டு, மலைகளுக்கு உள்ளே, உழுதுபோட்ட கோதுமைக் காணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வான்வெளி அனுமதி மத்தியானம் பன்னிரண்டு மணியோடு முடியும். வெயில் ஏறமுன் முதல் ஆளாக விடுவதற்கு என்னை எட்டரைக்குப் போட்டிருந்தார்கள். எல்லாம் எனக்குச் சாதகமாக இருந்தது.

ரொக்கெட்டை மேசையில் கிடத்தியதும் மனைவி போத்தலை எடுத்து, கண்ணை மூடி ஒரு செபம் சொல்லி, மூக்கில் சின்னதாக ஒரு சிலுவை போட்டாள். போட்டுவிட்டுத் தன் கையைத் துணியில் நன்றாகத் துடைத்தாள். நான் இயந்திரத்தைப் பொருத்தத் தொடங்கினேன். வாயு நுழைகிற வாயில் ஒரு ரப்பர் வளையம் வைக்கவேண்டும். வைத்துத் திருகும்போது வழுக்கியது. இழுத்துப் பார்த்தேன். விரலில் மினுமினுப்பு. முகர்ந்தேன். தேங்காயெண்ணெய்.

இது சின்ன விசயம் இல்லை. அழுத்தத்தில் இருக்கிற அந்த வாயுவோடு எண்ணெயோ கிரீஸோ சேர்ந்தால் தன்பாட்டில் பற்றும், வெடிக்கும். ஹைபிரிட் விடுகிறவனுக்கு முதல் சொல்லிக்கொடுக்கிற பாடமே அதுதான். எனக்குத் தலைக்குள் ஏதோ ஏறியது. அத்தனை பேருக்கும் முன்னால், நல்ல உரத்த குரலில், மனைவியைப் பார்த்துக் கத்தினேன்.

"உனக்கு எத்தனை தரம் சொன்னனான்? மூக்கிலை மட்டும் எண்டு சொன்னனானோ இல்லையோ? இப்ப எல்லாம் நாசம்."

நான் தமிழில் கத்தியது அங்கே ஒருவருக்கும் விளங்கியிருக்காது. ஆனால் ஒரு புருசன் பெண்சாதியைப் பார்த்துக் கத்துகிறான் என்பதற்கு எந்த மொழியும் தேவையில்லை. களம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் குரலை உயர்த்தவேயில்லை.

"மூக்கிலை மட்டும்தான் பூசினனான். நீங்கள்தான் அதைத் தொட்டுக் கண்ணிலை ஒத்திப்போட்டு, அந்தக் கையாலையே வளையத்தை எடுத்தனீங்கள்."

சொல்லிவிட்டுப் போத்தலைக் கொண்டுபோய்க் காரின் முன் தட்டில் வைத்துவிட்டு, முன் இருக்கையில் ஏறி இருந்துவிட்டாள்.

அவள் சொன்னது உண்மை. மாதா சுரூபத்தைக் கண்டால் கை தானாகப் போகும். பாதத்தைத் தொடும், கண்ணில் ஒற்றும். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம், அதற்கு யோசனை தேவையில்லை. ரொக்கெட்டின் மூக்கில் எண்ணெய்ச் சிலுவையைப் பார்த்ததும் எனது கை கோவிலில் செய்கிற வேலையை அப்படியே செய்திருக்கிறது. கையுறை எங்கே என்று பார்த்தால் எனது சட்டைப்பையில் இருந்தது. வளையம் மிகச் சின்னது, கையுறையோடு பிடிபடவில்லையென்று கழற்றியிருந்தேன்.

மணி எட்டு. துணியால் துடைத்துவிட்டுப் பேசாமல் ஏற்றியிருக்கலாம். எண்ணெய் பட்டது இரண்டு பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருவர் காருக்குள் இருக்கிறார். பிரித்துக் கழுவிப் பூட்ட இரண்டு மணித்தியாலம் போகும். பத்துக்குப் பிறகு வெயிலில் வாயு இறங்காது, வைகாசியில் பார்த்தேனே. அதாவது கழுவினாலும் தோல்வி, கழுவாவிட்டால் ஒருவேளை வெற்றி, ஒருவேளை வெடி. நான் நல்லவன் என்று சொல்லவரவில்லை. ஐந்து நிமிடம் அந்த வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் கையால் ஏறிய ஒன்று வெடித்துத் துண்டு துண்டாக விழுவதை நினைத்ததும் வளையத்தை மேசையில் வைத்தேன். போய்ச் சொன்னேன்.

களப் பொறுப்பாளர் முழுவதையும் கேட்டார். யாருடைய தவறு என்று அவர் கேட்கவில்லை. கத்தினது தமிழில் என்றாலும் பழி விழுந்தது என் மனைவிமேல்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே கார்க் கதவு திறந்திருந்த பக்கமாகத் திரும்பி, அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன்: தவறு என்னுடையது, என் மனைவி ஒழுங்காகத்தான் செய்தாள், நான்தான் எண்ணெய்க் கையோடு தொட்டேன். சொல்லும்போது முகம் எரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு வேலை. தொட்டி, குழாய், வாய், வளையங்கள் எல்லாவற்றையும் பிரித்தேன். முதலில் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம், பிறகு நல்ல தண்ணீர், பிறகு சுத்தமான ஸ்பிரிட், பிறகு காயவிடுதல். குசினியில் மீன் வெட்டிய பலகையைக் கழுவுகிற மாதிரி, ஒரு மூலையும் விடாமல் கழுவினேன். பழைய வளையங்களை எறிந்துவிட்டுப் புதியவை போட்டேன், இந்தத் தடவை கையுறையோடு. மற்றவர்களின் ரொக்கெட்டுகள் ஒவ்வொன்றாக எழும்பிப் போயின. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. முடித்தபோது பத்தேகால். காற்று அடுப்படி மாதிரிக் கொதித்தது.

சிலிண்டரைச் சங்கத்து வான் வண்டியின் நிழலில் வைத்து ஈரச் சாக்குப் போட்டிருந்தார்கள். அது பரவாயில்லை. மேடையில் நின்ற ரொக்கெட்டின் குழாயோ கைவைக்க முடியாத சூடு. உள்ளே போகிற திரவம் அப்படியே வாயுவாகிவிடும். ரொக்கெட் சிலிண்டரைவிடக் குளிராக இருந்தால்தான் திரவம் இறங்கும். நான் மேடைக்குப் பக்கத்தில் நின்று கணக்குப்போட்டுக்கொண்டிருக்க, பின்னால் ஏதோ இழுபடுகிற சத்தம். மனைவி. எங்கள் குசினியிலிருந்து மீன்பெட்டி ஒன்றில் ஐஸ் நிரப்பிக் கொண்டுவந்திருந்தோம், சங்கத்து ஆட்களின் குடிவகைக்கும் எங்கள் சாப்பாட்டுக்கும். அதிலிருந்த போத்தல்களையும் சாப்பாட்டுப் பெட்டிகளையும் வெயிலில் எடுத்துவைத்துவிட்டு, பெட்டியை மண்ணோடு இழுத்து வந்திருந்தாள். ஒரு துவாயை விரித்து, அதில் ஐஸைக் கொட்டி, குழாயின் இடுப்பில் பிள்ளைக்குச் சுற்றுகிற மாதிரிச் சுற்றினாள். நான் மற்றப் பக்கம் பிடித்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே நின்றோம். ஐஸ் உருகி எங்கள் சப்பாத்துக்குள் ஓடியது.

பதினொன்றே முக்காலுக்குத் துவாயைக் கழற்றி எல்லோரும் பின்னால் போனோம். வால்வு திறந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மூன்றாவது நிமிடம் பக்கத்துத் துளையால் வெள்ளையாகச் சீறியது, பால் பொங்கி வழிகிற மாதிரி, நிற்காமல். பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். நான் அழுத்தினேன்.

ஹைபிரிட் எழும்புகிற சத்தம் வேறு. சீறலோ வெடியோ இல்லை, அடித்தொண்டையால் ஓர் உறுமல். அந்த உறுமலோடு அது மேடையை விட்டுப் போனது. வெள்ளைக் கோடு ஒன்று நேராக மேலே போய் முடிந்தது. பிறகு ஒரு சிவப்புப் புள்ளி. குடை விரிந்துவிட்டது. அது ஆடி ஆடி இறங்கி, உழுத மண்ணில், ஒருவரும் இல்லாத இடத்தில், மெதுவாகப் படுத்தது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஒவ்வொரு ரொக்கெட்டுக்கும் சங்கம் நிரப்புகிற பதிவுத் தாளில் தாமதத்துக்குக் காரணம் எழுத ஓர் இடம் இருந்தது. மந்திரித்த எண்ணெய், தவறு என்னுடையது என்று எழுதினேன். பொறுப்பாளர் அதை வாசித்தார். யாரோ சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. ஹைபிரிட் விடுமுன் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறியிடுகிற பட்டியலை எடுத்து, குழாயைப் பொருத்துகிற வரிக்கு மேலே பேனையால் ஒரு புதிய வரி எழுதினார்: கை கழுவியாயிற்றா? எண்ணெய், கிரீஸ், மந்திரித்த எண்ணெய் எதுவும் இல்லையா?

அப்படியென்றால் ஹைபிரிட் தொடருமா என்று கேட்டேன். எறியப்போகிற பட்டியலில் தான் எதற்குப் புது வரி எழுதவேண்டும் என்று கேட்டார்.

திரும்பி வரும்போது மனைவி சாப்பாட்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்தாள். சாப்பாடு வெயிலில் பழுதாகிவிட்டது. முன் தட்டில் அந்தப் போத்தல் வளைவுக்கு வளைவு உருண்டுகொண்டிருந்தது. கடைசியில் சொன்னாள்:

"இனிமேல் உங்கடை ரொக்கெட்டுக்கு நான் பூசமாட்டன்."

பொத்தானை அழுத்தும்போதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

"பூசும்," என்றேன். "நான் தொடமாட்டன். நீர் பூசாமல் எனக்கு அதை ஏத்தேலாது."

அவள் போத்தலை எடுத்து, மூடியை இன்னொரு சுற்று இறுக்கி, கைப்பைக்குள் போட்டு, பையைத் தனக்கு அந்தப் பக்கம், எனது கை எட்டாத இடத்தில் வைத்துக்கொண்டாள்.