அறுந்துகொண்டே இருந்த இணைப்பு

அண்ணன் பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி, தூசி தட்டி, லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றி விற்பான். அதுதான் பிழைப்பு. "வா கண்ணு, பேசு" என்று மிஷினிடம் கொஞ்சிக்கொண்டேதான் வேலை பார்ப்பான். யார்மேலும் கை ஓங்காத மனிதன் என்று நேற்று அவன் துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். ஒரே ஒரு நாள் ஓங்கினான்.

என் கணவனுக்குக் கீழே கடை, மேலே வீடு. இரண்டுக்கும் ஒரே தொலைபேசி இணைப்பு. அன்று என்னை அடித்துவிட்டு, அண்ணனைக் கூப்பிட்டுவிடுவேன் என்று மேலே இருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு போனான். அறையைப் பூட்டிவிட்டான். பரணில் கிடந்த பழைய போனைத் தேடியெடுத்துச் சுவரில் செருகினேன். காதைக் கிழிக்கும் இரைச்சல்தான் கேட்டது. கீழே கடைக் கம்ப்யூட்டரில் அதே இணைப்பு வழியாக இன்டர்நெட் ஓடிக்கொண்டிருந்தது. நான் எடுத்தால் அது அறுந்துபோகும். ஆனால் நான் எண்ணைச் சுழற்றுவதற்குள் கம்ப்யூட்டர் தானாக மறுபடி டயல் செய்துவிடும். அப்படி அமைத்துக் கொடுத்தவனும் அண்ணன்தான். வேறு வழி தெரியாமல் இரைச்சலுக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தேன்.

நெட் அறுந்து அறுந்து போனதில் கணவனுக்கு வெறி ஏறியது. லினக்ஸ் தெரிந்தவன் அண்ணன் ஒருவன்தான். நான் தோழி வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லி ஆள் அனுப்பி அவனையே வரவழைத்தான்.

கீழே நடந்ததெல்லாம் பிறகு அண்ணன் சொன்னது. கேபிளை மாற்றினான், பாஸ்வேர்டைச் சரிபார்த்தான், வேகத்தைக் குறைத்தான். இணைப்பு சேர்ந்த உடனேயே அறுந்தது. கணவன் மானிட்டரை ஓங்கி அறைந்தான்.

"ஓசியில கிடைச்சதை என் தலையில கட்டினா இப்படித்தான் மச்சான்."

"அறை வாங்கி எந்த மிஷினும் திருந்தினதில்ல மாப்பிள்ளை."

இணைப்பு கிடைத்ததும், கம்ப்யூட்டரைத் தொலைபேசியோடு சேர்க்கும் மோடத்தின் ஸ்பீக்கர் அடங்கிவிடும். எந்த இடத்தில் அறுகிறது என்று காதால் கேட்பதற்காக, அதை அடங்கவிடாமல் ஒரு கட்டளை கொடுத்தான் அண்ணன். கடை முழுக்க இரைச்சல். அதற்குள்ளிருந்து என் அழுகை வந்தது.

அண்ணன் மாடிப்படியைப் பார்த்தான். கணவன் ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பியை எடுத்தான். முதல் அடி அண்ணன் தோளில் விழுந்தது, அடுத்தது வாயில். பல் தெறித்தது. அண்ணன் கீபோர்டைப் பிடுங்கி அவன் முகத்திலேயே அறைந்தான். எழுத்துக்கட்டைகள் தரையெல்லாம் சிதறின. விழுந்தவன் எழ, நாற்காலியைத் தூக்கி முழங்காலில் போட்டான்.

மேலே கதவு உடைவதைக் கேட்டு, கணவன்தான் வருகிறான் என்று நினைத்தேன். உள்ளே வந்த தலையில் கையிலிருந்த போனைக்கொண்டு ஓங்கி அடித்தேன். நெற்றி பிளந்தது.

"நான்தான்டி" என்றான் அண்ணன். "மிச்ச அடியைக் கீழ வச்சுக்கோ. வா."

படியின் அடியில் கிடந்த கணவன் என் கணுக்காலைப் பற்றினான். அண்ணன் எனக்கு முன்னால் போய்விட்டிருந்தான். திரும்பிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான்.

அந்த விரல்கள் விடும்வரை மிதித்தேன்.