சகலையின் மாத்திரை

லிஃப்ட் மெக்கானிக் ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகிவிட்டது. சகலையைப் பார்த்து வயிறெரிவதில் மட்டும் அவருக்கு ஓய்வே கிடையாது. அக்காளைக் கட்டியவர் மாடியில். தங்கையைக் கட்டிய இவர் கீழ் வீட்டில். அறுபத்தெட்டு வயதிலும் சகலைக்குத் தொப்பை இல்லை, பல்லெல்லாம் சொந்தப் பல். "அத்தான் எப்படி இருக்கார் பாருங்க" என்று மனைவி வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு. சத்து மாத்திரை வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வராமல் தடுக்குமா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று சொல்ல மாட்டார்கள். மெக்கானிக்கின் அண்ணன் அந்த நோயில்தான் போனார். அந்தப் பயத்தில் இவர் பேர் கொடுத்தார். துணைக்கு வந்த சகலையும் கொடுத்தார்.

மாவு தனக்குத்தான் என்று முதல் மாதமே மெக்கானிக் முடிவு கட்டிவிட்டார். சும்மா இல்லை, சோதித்துப் பார்த்தே. இரண்டு டம்ளர் தண்ணீரில் ஆளுக்கொரு மாத்திரை. இவருடையது உடனே கரைந்தது, சகலையுடையது கல் மாதிரி கிடந்தது. நாற்பது வருஷம் பழுது கண்டுபிடித்த கைக்கு இது போதாதா? அதன்பின் மாதாமாதம் சகலை சவரம் செய்கிற நேரமாகப் பார்த்து மாடிக்குப் போய், டப்பாக்களை விட்டுவிட்டு மாத்திரைகளை மட்டும் மாற்றினார்.

மூன்றாம் வருஷம் புற்றுநோய் வந்தது, சகலைக்கு.

மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை. ஆய்வு நர்ஸிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"முடிவு வந்தாச்சு சார். நிஜ மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் அதே அளவுதான் வந்திருக்கு. உங்களால வரலை, போங்க."

அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை. அதே ஆஸ்பத்திரி வார்டில் சகலையின் கட்டிலருகே போய் நின்றார்.

"சகலை, உங்க மாத்திரையை நான்தான்..."

"தெரியும். முதல் தடவையே சவரக் கண்ணாடியில பார்த்தேன்."

"பார்த்துட்டுமா பேசாம இருந்தீங்க?"

"அண்ணனைப் பறிகொடுத்த மனுஷன் நீங்க. நிஜ மாத்திரை என்கிட்ட இருந்தா அது உங்களுக்கே போகட்டும்னு விட்டுட்டேன்."

மெக்கானிக் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அந்த அழுகையில் வெட்கம் பாதிதான். மீதி, இந்த மனுஷன் இதிலும் தன்னை முந்திவிட்டாரே என்ற பொறாமை.