ஆள் இறங்காமல் அளந்த பந்தல்

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஒரு தடவையாவது போனவர்களுக்குத் தெரியும், அந்த நாட்களில் அங்கே ரூம் கேட்டு அலைவது வெட்டி வேலை. எங்களுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. என் வீட்டுக்காரர் வாடகை வேன் ஓட்டினார். மற்ற நாளெல்லாம் கல்யாணக் கோஷ்டிகளை ஏற்றுகிற வேன், ஆகஸ்ட் கடைசியில் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் என்று நிற்கும். கூடவே ஒரு பந்தலும் வரும். தடித்த கித்தான் துணி. ஒரு ஓரத்தை வேன் கூரைமேல் இருக்கும் கேரியர் கம்பியில் கட்டி, மறு ஓரத்தை இரண்டு இரும்புக் குழாய்களில் தூக்கி நிறுத்தினால் வேனுக்குப் பக்கத்தில் ஒரு அறையே எழும்பிவிடும். மூன்று பக்கமும் மறைப்பு தரைவரை தொங்கும்; நாலாவது பக்கத்துக்கு வேனே சுவர். பாய் விரித்தால் அதுதான் எங்கள் லாட்ஜ்.

எண்பதுகளின் கடைசியில் அவர் அந்த வேனை விற்றுவிட்டு வேறொன்று வாங்கினார். பழையது நீளம், குள்ளம். புதியது உயரம், கட்டை. பழைய பந்தலை அதில் கட்டிப் பார்த்தோம். பின்பக்கம் ஒரு முழத்துக்கு மேல் துணி வழிந்தது. கீழேயோ முழங்கால் உயரத்துக்குத் திறந்து கிடந்தது.

"பத்தாத பாவாட கட்டிகினு நிக்கிற மாரி கீது" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்த வருஷம் நாங்கள் போவதே நாத்தனாருக்காகத்தான். என் வீட்டுக்காரரின் தங்கை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. பிறந்தால், வருகிற முதல் திருவிழாவுக்கே கொண்டுவந்து மாதா காலடியில் கிடத்துகிறேன் என்று நேர்ந்துகொண்டிருந்தாள். அவள் புருஷனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை அளவு பார்ப்பார். வீட்டுக்கு வந்தும் அதை விடமாட்டார். இட்லி ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மனுஷன். "மழத்தண்ணி உள்ள பூராத எடமா இருந்தா கொழந்த வரும். இல்லாட்டி வராது" என்று சொல்லிவிட்டார். குழந்தை வராவிட்டால் அவளும் வர முடியாது.

கரையான்சாவடியில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் என்னைத் தோய்க்கிற கல்லுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். "அண்ணி, எப்டினா அத தெச்சுக் குட்த்துருங்க. அந்தாளு சொன்னா சொன்னதுதான். நான் வாய் உட்டு நேந்துகினு கீறேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். கித்தானில் ஊசி வைத்ததே கிடையாது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. "அழாதடி. நான் தெக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஃபாதர் வந்து புது வேனை மந்திரித்த அன்றுதான் அளவெடுத்தோம். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மந்திரித்த வண்டியில் யார் எந்த சீட்டில் முதலில் உட்காருகிறார்களோ, அந்த வண்டி விற்கிறவரை அது அவர்களுடைய சீட்டு. ஆகவே ஃபாதர் தீர்த்தச் செம்பைக் கீழே வைப்பதற்குள் ஒரே தள்ளுமுள்ளு. பெரியவர்கள், பிள்ளைகள் என்று பதினாலு பேர் உள்ளே. நான் கதவோரத்து ஜன்னல் சீட்டைப் பிடித்தேன். மாமியார் முன் சீட்டு.

நாத்தனார் புருஷன் சட்டைப்பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். "எல்லாரும் கொஞ்சம் எறங்குனீங்கனா நிம்மதியா அளப்பேன்" என்றார்.

"நீ அளப்பா. நாங்க இன்னா டேப்ப புடிச்சிகினா கீறோம்?" என்றார் மாமியார். "நான் எறங்குனா பெரியவன் பொண்டாட்டி இங்க ஒக்காந்துப்பா."

பெரியவர் பெண்சாதி, அதாவது என் ஓரகத்தி, பின்னால் இருந்து சிரித்தாளே தவிர இல்லை என்று சொல்லவில்லை. யாரும் இறங்கவில்லை. அவரும் கேரியர் கம்பியிலிருந்து தரைவரை நாலு இடத்தில் அளந்து, திரும்பவும் அளந்து, அளவை என்னிடம் சொன்னார்.

"ஒரு ரெண்டு வெரல் கூட வுட்டுத் தெக்கட்டா அண்ணே?" என்று கேட்டேன்.

"வேணாம் சிஸ்டர். துணி தரையில பொரண்டா ஈரம் ஏறி மக்கிப் பூடும். அளவுன்னா அளவு."

வாசலில் பந்தலை விரித்து நீளத்தில் ஒரு பட்டையை வெட்டி எடுத்தேன். போன வருஷத்துச் சாம்பார்க் கறை அந்தப் பட்டையோடு போனதில் எனக்குப் பரம திருப்தி. அதையே துண்டு துண்டாக்கி மூன்று மறைப்புக்கும் அடியில் ஒட்டுக் கொடுத்தேன். வீட்டு மிஷினில் இரண்டு மடிப்புவரை ஓடியது. மூன்றாவது மடிப்பில் ஊசி படக்கென்று உடைந்தது. மிஷினைத் திட்டினேன். வேடிக்கை பார்த்த வீட்டுக்காரரையும் திட்டினேன். தடித்த இடங்களையெல்லாம் கோணி ஊசியால் கையில் தைத்தேன். தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகாமல் இருக்க ஒவ்வொரு தையல்மேலும் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்தேன். விரல்கள் தடித்துப்போய் கம்பெனியில் காலரைப் பிடிக்க முடியவில்லை. சூப்பர்வைசர் முறைத்தார்; நானும் முறைத்தேன்.

கிளம்பும் நாளும் வந்தது. கரையான்சாவடியில் நாத்தனாரையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டோம். புது ரவிக்கை போட்டு, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். ஆனால் அவள் புருஷன் ஏறும்போதே, "பிரிச்சிக் கட்டிப் பாக்காம நாங்க வரமாட்டோம் மச்சான். பாரிவாக்கத்துல நிறுத்துங்க. சரியா இல்லன்னா அங்கருந்தே ஆட்டோ புடிச்சி ஊட்டுக்குப் போய்டுறோம்" என்றார். பாரிவாக்கத்தில் அப்போது காலி மனைகள் நிறைய. ஒரு மனையில் வேனை நிறுத்தி எல்லோரும் இறங்கினோம். பந்தலைக் கட்டினோம்.

நீளம் கச்சிதம். தூக்கி நிறுத்தின குழாய்களுக்குப் பக்கத்தில் மறைப்பு தரையைத் தொட்டது. வேனை ஒட்டின இரண்டு முனையில் மட்டும் தரைக்கும் துணிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அவர் குப்புறப் படுத்து அளந்தார். எழுந்து மண்ணைத் தட்டினார்.

"மழ பேஞ்சா இந்த சந்து வழியா தண்ணி நேரா பாய்க்கு வரும். கொழந்தைய எப்டி கிடத்துறது?"

நாத்தனார் குழந்தையின் குல்லாயைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம். "அளந்தது யாரு? நானா? நீங்க சொன்ன அளவுல ஒரு நூலு கொறையல. ரெண்டு வெரல் கூட வெக்கிறேன்னு சொன்னேனா இல்லயா?" என்று கத்திவிட்டு, விறுவிறுவென்று வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு என் சீட்டில் உட்கார்ந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒட்டுக் கொடுக்கத் துணி ஒரு துண்டுகூட மிச்சமில்லை.

ஓரகத்தி சமாதானம் சொல்ல ஏறினாள். அவள் எங்கே முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாளோ என்று மாமியார் ஏறினார். பெரியவர்கள் ஏறினால் வண்டி கிளம்பப் போகிறது என்று பிள்ளைகள் எல்லோரும் ஏறினார்கள். "இன்னாத்துக்கு எல்லாம் ஏறிகினு கீறீங்க?" என்று கேட்டுக்கொண்டே என் வீட்டுக்காரரும் ஏறினார்.

வெளியே நாத்தனார் சிரிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறைப்பின் அடியைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள்.

"அண்ணி, எறங்காதீங்க. யாரும் எறங்காதீங்க. இங்க வந்து பாருங்க, தரைய தொட்டுகினு கீது."

அவள் புருஷன் நம்பவில்லை. எங்களை இறக்கினார், இடைவெளி வந்தது. ஏற்றினார், போனது. இன்னொரு தடவை இறக்கி ஏற்றினார். பாரம் ஏறினால் வண்டி அமுங்கும் என்பது, ஆணிக்கே அளவு பார்க்கிற மனுஷனுக்கு அன்றைக்கு மறந்துபோயிருந்தது. வண்டி ஓட்டிப் பிழைக்கிற என் வீட்டுக்காரருக்கு மட்டும் என்ன, ஞாபகமா வந்தது? டேப்பை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு அவர் சிரித்தார் பாருங்கள், அந்த மனுஷனுக்கு அவ்வளவு பல் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"அளவு கரெக்டுதான் சிஸ்டர்" என்றார். "ஆனா மழ வந்தா இன்னா பண்றது?"

"மழ வந்தா நாங்க ஏறி ஒக்காந்துக்கறோம்பா" என்றார் மாமியார். "எங்க சீட்டுதான?"

ஆட்டோ பிடிக்கவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே போனோம்.

வேளாங்கண்ணியில் முதல் நாளே குழந்தையை மாதா காலடியில் கிடத்தினாள். அது கைகாலை உதைத்துக்கொண்டு சிரித்தது; இவள் தேம்பித் தேம்பி அழுதாள். நானும்தான். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு முடிக்கும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறல் விழுந்ததும் யாரும் சொல்லவில்லை, எல்லோரும் வேனில் ஏறி அவரவர் சீட்டில் உட்கார்ந்தோம். கொட்டோ கொட்டென்று கொட்டியது. வேனுக்குள் ஒரே புழுக்கம், முட்டிக்கு முட்டி இடித்தது. ஒரு பிள்ளை ஒன்றுக்கு வருகிறது என்றதும் நாத்தனார் புருஷன் பந்தலிலிருந்து ஓடிவந்து, "இவன் வர்ற வரைக்கும் நான் ஒக்காந்துக்கறேன்" என்று ஏறிக்கொண்டார்.

நான் என் ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தேன். மறைப்பு மணலில் அழுந்தி நின்றது. பாய் காய்ந்தே கிடந்தது. குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்க, அதன் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்த நாத்தனார் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, கஷ்டமா கீதா? மழதான் கொறஞ்சிடுச்சே, எறங்கி வாங்களேன்."

"வாய மூடிகினு கொழந்தகூட தூங்குடி" என்றேன். "நாங்க ஒக்காந்துகினு கீறோம்."