எடுத்த தேதி, சேர்த்த தேதி

முதலில் ரத்தம் வந்தது. ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, கக்கூஸில் பார்த்தேன். மூலமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாள் முழுக்க வேன் சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறென்ன வரும்? இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

நான் ஒன்பதாவது வரை படித்தவன். இருபது வருஷமாகக் காக்ஸ் டவுனில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. என் பிள்ளைகள் பிரபுவுக்கும் நித்யாவுக்கும், வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று தவிக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன்.

ஒரு நாள் தலை சுற்றி, வேனை ஓரம் கட்டிவிட்டேன். அன்றுதான் என் மனைவி செல்விக்கு விஷயம் தெரிந்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கொலோனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயை ஆசனவாய் வழியாக விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்தார்கள். உள்ளேயிருந்து துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு (சதையில் என்ன நோய் என்று சோதிப்பது) அனுப்பினார்கள்.

ரிசல்ட் வந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். செல்வி வாங்கப் போனாள். நான் வேனைக் கழுவி, வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் டாக்டர் என்னிடம் கன்னடத்தில் சொன்னார். "ஏனூ இல்லா, ஹுண்ணு அஷ்டே." ஒன்றுமில்லை, புண்தான். ஆழமாக இருப்பதால் குடலில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுத் தைத்துவிடலாம் என்றார். பேச்சு என்னிடம் இருந்தாலும் அவர் கண் பிரபு மேலேயே இருந்தது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

தீபாவளி முடிந்து ஆபரேஷன் நடந்தது. சம்மதத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. நித்யா படித்துச் சொன்னாள், நான் கையெழுத்துப் போட்டேன். அவள் படித்ததிலும் புண் என்றுதான் இருந்தது.

பிறகு மாத்திரை. இரண்டு வாரம் சாப்பிட வேண்டும், ஒரு வாரம் விட வேண்டும். இப்படியே ஆறு மாதம். செல்வி மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டுத் தருவாள். உள்ளங்கையும் உள்ளங்காலும் கறுத்துத் தோல் உரிந்தன. காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை சும்மா இருப்பதால் உரிகிறது என்றாள் செல்வி. நம்பினேன். சொன்னது செல்வியாயிற்றே.

ஜூன் மாதம் மாத்திரை முடிந்தது. வேன் எடுக்க இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. பிரபு தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தான்.

"சும்மா டிவி பாத்துக்கிட்டு இருக்காதீங்கப்பா. எல்லார் போன்ல இருக்கற போட்டோவையும் ஒரே எடத்துல சேத்துக் குடுங்க. நித்யா கல்யாணத்துக்கு ஆல்பம் போடலாம்."

அதில் படங்களை அடுக்கி வைக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. போனை ஒயரில் மாட்டி, 'இம்போர்ட்' என்பதை அமுக்கினால் போதும். உள்ளே இருக்கும் படமெல்லாம் வந்து வருஷம், மாதம், நாள் என்று தானாக உட்காரும். ஒரே படம் இரண்டு போனிலிருந்து வந்தால், எதை வைத்துக்கொள்ள என்று கேட்கும். முகங்களைக் காட்டி, இது யார் என்று கேட்கும். நான் பெயர் சொல்லிக் கொடுத்தேன். தினமும் ஸ்டாப் வரிசைப்படி பிள்ளைகளை ஏற்றி இறக்கியவனுக்கு இந்த வேலை பிடித்துப்போனது.

கடைசியாகச் செல்வியின் போனை மாட்டினேன். காகிதங்களை எடுத்த படங்களை மென்பொருள் தனியாக ஒதுக்கியிருந்தது. ரேஷன் கார்டு, ஆதார் கார்டு, நித்யாவின் மார்க் ஷீட். அவற்றுக்கு நடுவில் என் பெயர் போட்ட ஒரு தாள். அதில் ஒரு வார்த்தை மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டி அதை என் போனில் அடித்து, தமிழில் என்ன என்று கேட்டேன். புற்றுநோய் என்று வந்தது.

அந்தப் படம் எடுத்த நாளைத் திறந்தேன். எல்லார் போனிலிருந்தும் வந்த அன்றைய படங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. செல்வி தாளைப் படம் எடுத்தது பதினொன்று இருபதுக்கு. சாமந்தி மாலை போட்ட வேனுக்கு முன்னால் நின்று நான் என்னைப் படம் எடுத்துக்கொண்டது பதினொன்று நாற்பத்தைந்துக்கு. அதில் பல் தெரியச் சிரிக்கிறேன்.

அதற்கு அடுத்து, ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாரும் மேகதாது ஆற்றுக்குப் போன படங்கள். லீவே கிடைக்காத நித்யா எனக்காக லீவு போட்டாள் என்று அன்று எவ்வளவு பெருமைப்பட்டேன். ஒவ்வொரு படத்திலும் நான் கேமராவைப் பார்க்கிறேன். அவர்கள் மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள்.

செல்வி அடுப்படியிலிருந்து வந்தாள். லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன்.

"அழிச்சிட்டேனே," என்றாள். அதுதான் அவள் வாயில் வந்த முதல் வார்த்தை. பிள்ளைகளுக்கு மெசேஜில் அனுப்பிய இடத்தில் மட்டும் அழித்திருக்கிறாள். போனில் எடுத்த படங்கள் இருக்கிற இடத்தில் அது அப்படியே இருந்தது.

"ஒம்போது மாசம், செல்வி. ஒனக்குத் தெரியும், புள்ளைங்களுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். நோய் வந்தவனுக்கு மட்டும் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா ஆபரேஷனுக்கு வந்திருப்பீங்களா? உங்க அண்ணன் அந்தப் பேரைக் கேட்டதும் படுத்தவருதானே, எழுந்திரிச்சாரா?" முந்தானையில் கையைத் துடைத்தாள். "ரத்தம் வந்தத ரெண்டு மாசம் எங்கிட்ட மறைச்சவரு நீங்க. இப்ப என்னக் கேக்க வந்துட்டீங்களா?"

நான் மறைத்தது என் உடம்பை. அவர்கள் மறைத்ததும் என் உடம்பைத்தான். இரண்டும் ஒன்றா என்று பல நாள் யோசித்தேன். ஒன்றில்லை என்றே தோன்றுகிறது.

சாயங்காலம் நித்யா வந்தாள். "மேகதாதுல நீங்க எவ்ளோ சந்தோஷமா இருந்தீங்கப்பா. அத நாங்க கெடுத்திருக்கணுமா?" என்று கேட்டாள்.

அம்மா நித்யா, எனக்கு வலிக்கிற இடமே அதுதான். நான் ஆற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னைக் கடைசியாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். விடைகொடுக்கிற இடத்தில் போகிறவனை மட்டும் சேர்க்கவில்லை.

பிள்ளைகளே, சொல்லியிருந்தால் நான் பயந்திருப்பேன். ஒரு வாரம் சோறு இறங்கியிருக்காது. ஆனால் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணியைப் போய்ப் பார்த்திருப்பேன். அண்ணன் எப்படி பயந்தார் என்று அண்ணியிடம் கேட்டிருப்பேன். தோல் உரிந்ததற்கு ஸ்டியரிங் மேல் பழி போட்டிருக்க மாட்டேன். உங்கள் வீட்டு நோயாளிக்கும் இப்படிச் சில வேலைகள் இருக்கும். அவை என்னவென்று உங்களுக்குத் தெரியாது.

அந்த மென்பொருளில் படங்களை இரண்டு விதமாக அடுக்கலாம். படம் எடுத்த தேதிப்படி ஒன்று, அதை லேப்டாப்பில் சேர்த்த தேதிப்படி ஒன்று. என் வீட்டாருக்கு என் நோய் எடுத்த தேதியில் வந்தது. எனக்குச் சேர்த்த தேதியில் வந்தது. அவர்கள் அழுது முடித்த இடத்தில் நான் ஆரம்பித்தேன். ஆறிப்போன தழும்பு எனக்கு அன்றுதான் புதிதாக வலித்தது.

ஆகஸ்டில் சி.டி. ஸ்கேன் (உடம்பை அடுக்கடுக்காகப் படம் எடுப்பது) பார்த்தார்கள். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் பிரபு பக்கம் திரும்பினார்.

"நன்கே ஹேளி சார்," என்றேன். எனக்கே சொல்லுங்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நாற்காலியை என் பக்கம் திருப்பினார். புற்றுநோய் என்ற வார்த்தையைச் சொல்லியே பேசினார். இப்போது எங்கும் தெரியவில்லை, திரும்பி வராது என்று உறுதி சொல்ல முடியாது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து சோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். பிரபு சுவரில் சாய்ந்து நின்று என்னையே பார்த்தான்.

மறுபடி வேன் ஓட்டுகிறேன். வயிற்றில் சின்னதாகச் சுருக்கென்றாலும் வண்டியை மெதுவாக்கிக் கவனிக்கிறேன். அன்றைக்கே செல்வியிடம் சொல்லிவிடுகிறேன். அவள் தலைவலி மாத்திரை தந்தால்கூட அட்டையை வாங்கிப் பார்க்கிறேன். அவளும் அட்டையோடு நீட்டுகிறாள்.

அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, யார் கையிலும் கொடுக்கும் முன், என் போனில் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பில் சேர்த்தேன். எடுத்த தேதிப்படி அடுக்கிப் பார்த்தேன். சேர்த்த தேதிப்படியும் அடுக்கிப் பார்த்தேன். இரண்டிலும் அது ஒரே நாளில் இருந்தது.